கடைசிக் காரின் கணக்கு



மோட்டார் பந்தயத்தைப் பற்றி நான் இந்தப் பக்கத்தில் எழுதுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் எதிர்பார்க்கவில்லை. சைக்கிளைத் தவிர வேறெந்த வாகனத்தையும் ஓட்டி அறியாதவள் நான். ஆனால் 2022 ஒக்ரோபரில் லண்டனிலுள்ள மகளிடம் ஆறு மாத விசாவில் போயிருந்தபோது, என் பேத்தியின் பந்தயக் குழு முதற் தடவையாக ஒரு போட்டித் தொடரில் இறங்கியது. அந்த ஆறு மாதமும் அவர்கள் தோற்றுக்கொண்டிருந்ததை அருகில் இருந்து பார்த்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

போன முதலாம் இரவு நித்திரையில் இருந்தேன். மேல்மாடி அறையிலிருந்து ஓர் இரைச்சல். தூரத்தில் தொடங்கி, கிட்ட வந்து, தலைக்கு மேலால் போவது போல இருந்தது. கட்டிலை விட்டு இறங்கி நிலத்தோடு நிலமாக இருந்துவிட்டேன். எந்தச் சத்தத்தை நினைத்து இறங்கினேன் என்று உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. மகள் ஓடி வந்து லைற்றைப் போட்டாள்.

"அம்மா, பயப்பிடாதேங்கோ. அது பிள்ளை கார் ஓடுறாள்."

"மேல்மாடியிலயோ?" என்று கேட்டேன்.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். மருமகன் பலகையால் அடித்துக் கொடுத்த ஒரு சட்டம். அதில் காரின் சுக்கான் ஒன்று பூட்டியிருந்தது. கீழே பிறேக், அக்சிலேற்றர் மிதிகள். முன்னால் கணினித் திரை. சுக்கானும் மிதிகளும் யாரோ பாவித்து விற்றவை, 120 பவுணுக்கு வாங்கினார்களாம். பேத்தி என்னைக் கதிரையில் இருத்தி ஓடச் சொன்னாள். சுக்கானைப் பிடித்தேன், அது என் கையை முறுக்கித் திருப்பியது. வீதியில் ஒரு மேடு வந்தால் கையில் தட்டுகிறது. சில்லு வழுக்கினால் சுக்கான் இலேசாகிவிடுகிறது. நான் இரண்டாவது வளைவிலேயே புல்லுக்குள் போய்விட்டேன்.

இதற்கு சிம் றேசிங் என்று பெயர். விமானிகள் நிலத்திலுள்ள பொறியில் இருந்து பறக்கப் பழகுவதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுபோன்ற ஒன்றுதான் இதுவும். உலகிலுள்ள உண்மையான பந்தயப் பாதைகளை லேசர் கதிரால் அளந்து, எந்த இடத்தில் மேடு, எந்த இடத்தில் பள்ளம் என்பது வரை கணினியில் பதிந்து வைத்திருக்கிறார்கள். இணையத்தின் வழியாக வெவ்வேறு நாடுகளில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் ஓடுகிறார்கள். எதிரே வருகிற ஒவ்வொரு காரிலும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு மனிதர் இருக்கிறார்.

வெறும் விளையாட்டு என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் நிசான் கார்க் கம்பனியும் பிளேஸ்டேசனும் சேர்ந்து 2008 இல் தொடங்கிய ஒரு போட்டியில், கிரான் ரூறிஸ்மோ என்ற கணினிப் பந்தயத்தில் வென்றவர்களை உண்மையான காரில் ஏற்றினார்கள். 2011 இல் அப்படி வென்றவர் ஜான் மார்டன்பரோ என்ற பிரித்தானிய இளைஞர். இரண்டே வருடத்தில், 2013 இல், பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் தன் குழுவினரோடு தமது பிரிவில் மூன்றாம் இடம் பெற்றார். அவருடைய கதை 2023 இல் திரைப்படமாகவும் வந்தது.

பணம் இல்லாதவருக்கும் கதவு திறந்துவிட்டது என்று இதைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அது அரைவாசிதான் உண்மை. உண்மைக் கார் வாங்குவதோடு ஒப்பிட்டால் மலிவுதான். ஆனாலும் கணினி வேண்டும், நல்ல இணையம் வேண்டும், பல பாதைகளுக்குத் தனித்தனியே காசு கட்ட வேண்டும், பிள்ளைக்கென்று ஒரு மூலையும் வேண்டும்.

பூச்சியம், பூச்சியம்

பேத்தியோடு சேர்த்துக் குழுவில் நால்வர். எல்லோருக்கும் பதினைந்து, பதினாறு வயது. ஒருவன் போலந்துப் பையன், ஒருவன் சோமாலியப் பையன், மற்றது பேத்தியோடு படிக்கும் ஒரு குஜராத்திப் பிள்ளை. அந்தப் பிள்ளை ஓடுவதில்லை. எரிபொருள், நேரக் கணக்கெல்லாம் அவள் பொறுப்பு. சுக்கான் பிடிக்கிறவர்களில் என் பேத்தி மட்டும்தான் பெண். தலைவியும் அவள்தான்.

அவர்கள் சேர்ந்தது இளையோருக்கான ஒரு லீக். எட்டுப் பந்தயம், 24 குழுக்கள், ஞாயிறு மாலைகளில் ஒரு மணித்தியாலம். ஒரு குழுவுக்கு ஒரு கார். பாதியில் தரிப்பிடத்துக்கு வந்து ஓட்டுநர் மாற வேண்டும். முதல் பதினைந்து இடத்துக்குப் புள்ளி: முதலாவதுக்கு 15, பதினைந்தாவதுக்கு 1.

முதற் பந்தயம் இத்தாலியின் மொன்சா. நீண்ட நேர்ப் பாதையில் உச்ச வேகத்தில் வந்து, சட்டென்று பிறேக் பிடித்து ஒடுக்கமான வளைவொன்றுக்குள் புக வேண்டும். 24 காரும் ஒன்றாக வருகின்றன. போலந்துப் பையன் மூன்று பேரை ஒரேயடியாக முந்தப் பார்த்தான். ஐந்து கார் ஒன்றின் மேல் ஒன்று. பந்தயம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் கார் முடிந்தது. ஒரு மாதம் பழகிய பிள்ளைகள். பேத்தி அன்று சுக்கானைத் தொடவே இல்லை.

இரண்டாவது, இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹச். இந்தப் பந்தயங்களில் குற்றப் புள்ளி என்று ஒரு முறை உண்டு. ஐறேசிங் என்ற பெரிய சேவை 2008 முதல் இதை நடத்திவருகிறது. எங்கள் பிள்ளைகளின் லீக்கும் அதே அளவுகோலைத்தான் வைத்திருந்தது. பாதையை விட்டு வெளியே போனால் 1, கார் கட்டுப்பாட்டை இழந்து சுழன்றால் 2, இன்னொரு காரை மோசமாக இடித்தால் 4. பிழை யாருடையது என்று கணினி பார்ப்பதில்லை. இடித்தவனுக்கும் இடிபட்டவனுக்கும் ஒரே கணக்கு. அது எனக்கு அநியாயமாகப் பட்டது, இன்றும் படுகிறது. 17 ஐ எட்டினால் பந்தயத்திலிருந்து நீக்கம். எங்கள் கார் நாற்பதாவது நிமிடத்தில் 17 ஐ எட்டியது.

மூன்றாவது பெல்ஜியத்தின் ஸ்பா. ஏழு கிலோமீற்றர் நீளம், காட்டுக்குள் ஏறி இறங்கும் அழகான பாதை. அன்று நன்றாகத்தான் ஓடினார்கள். பதினொராம் இடம். ஆனால் ஒரு மணித்தியாலப் பந்தயம் என்றால் மணி அடித்தவுடன் முடிவதில்லை. முதலாவது கார் அதற்குப் பிறகு கோட்டைத் தாண்ட வேண்டும். மணி அடிக்கச் சில செக்கன் இருக்கும்போது அந்தக் கார் கோட்டைத் தாண்டிவிட்டால், எல்லோருக்கும் இன்னொரு முழுச் சுற்று. அந்த ஒரு சுற்றைப் பிள்ளைகள் கணக்கில் எடுக்கவில்லை. சுற்றுக்கு மூன்றரை லீற்றர் மட்டில் குடிக்கும் கார். கடைசிச் சுற்றில், கோட்டுக்கு இரண்டு கிலோமீற்றர் இருக்க, பெற்றோல் தீர்ந்தது. என் பேத்தி மரங்களுக்கு நடுவே நின்ற காருக்குள் இருந்து, மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த வருடம்தான் நாங்கள் இங்கே பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசையில் கிடந்தோம். கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர். அந்த நான்கு லீற்றருக்குள் ஆஸ்பத்திரியும் சந்தையும் பள்ளிக்கூடமும் போய்வந்த எங்கள் பெண்களில் ஒருத்தியைக் கேட்டிருந்தால் அந்தக் கணக்குப் பிழைத்திருக்காது.

நான்காவது பந்தயத்தில் இணையம் அறுந்தது. கீழே சின்னப் பேரன் படம் பார்க்கத் தொடங்கியிருக்கிறான். திரையில் கார்கள் எல்லாம் விறைத்து நின்றன. இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தபோது எல்லோருக்கும் பின்னால். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஓட்டுநர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுகிற ஒரு வழி உண்டு. அதில் ஒரு பையன், "பெட்டையளுக்கு ஏன் இந்த வேலை, போய்க் குசினியைப் பார்" என்ற கருத்தில் ஏதோ சொன்னான். இரண்டு பேர் சிரித்தார்கள். பேத்தி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

நான்கு பந்தயம், நான்கு பூச்சியம். பட்டியலில் இருபத்து நான்காவது.

முறைப்பாடும் கொப்பியும்

இரண்டு கிழமையாகச் சுக்கானின் மேல் ஒரு பெட்சீற் போட்டு மூடிக் கிடந்தது. என் மகளுக்கு உள்ளூரச் சந்தோஷம். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த மே மாதத்தில் பிள்ளைக்கு ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சை, எங்கள் சாதாரண தரம் போன்றது. "நாங்கள் எவ்வளவு கஸ்ரப்பட்டு இஞ்சை வந்தனாங்கள். படிச்சால்தான் மனிசர் மதிக்கும். மாதிரிப் பரீட்சையில புள்ளி குறைஞ்சுதெண்டால் இந்தச் சாமான் எல்லாத்தையும் விக்கிறதுதான்" என்றாள்.

பேத்திக்கு வேறு மனத்தாங்கலும் இருந்தது. பெண்களுக்கென்றே 2019 இல் தொடங்கிய டபிள்யூ சீரிஸ் என்ற உண்மைக் கார்ப் பந்தயத் தொடர், நான் லண்டன் போன அதே மாதத்தில் பணம் இல்லாமல் கடைசிப் பந்தயங்களை நடத்தாமலே நின்றது. அந்தத் தொடரில் மூன்று தடவை வென்ற ஜேமி சாட்விக்கின் படம் பேத்தியின் சுவரில் இருந்தது. கொரோனாக் காலத்தில், 2020 இல், அதே தொடரின் பெண்கள் வீட்டிலிருந்து கணினியில் ஓடினார்கள். நெதர்லாந்தின் பெய்ற்ஸ்க விசர் அதில் வென்றார். அதைப் பார்த்துத்தான் இவளுக்கு ஆசையே வந்தது. "அம்மம்மா, பெரிய ஆக்களுக்கே காசு இல்லையாம்" என்றாள்.

நான் அவளிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "அந்தப் பெடியன் சொன்னதுக்கு என்ன செய்தனி?"

"ஒண்டும் செய்யேல்லை. சொன்னால் எல்லாரும் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பினம்."

சகோதரிகளே, இந்தப் பதிலை நாங்கள் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறோம்! எத்தனை தரம் நாங்களே சொல்லியிருக்கிறோம்!

இந்தப் பந்தயங்களில் நடப்பதெல்லாம் பதிவாகிறது. எந்தக் காரின் பக்கத்திலிருந்தும் திரும்பப் பார்க்கலாம். பேசியதையும் பேத்தியின் கணினி பதிந்து வைத்திருந்தது. லீக்கில் நடுவர்கள் உண்டு. முறைப்பாடு எழுதி அனுப்பலாம். அவள் ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டேன். தான் எவ்வளவு மனம் நொந்தாள் என்பதே முழுக்க இருந்தது. "இதெல்லாம் பிறகு. முதல்ல திகதி, நேரம், எத்தினையாம் நிமிசம், என்ன சொல்லு, ஆர் கேட்டது. அதை எழுது" என்றேன். நான் எழுதிய முறைப்பாடுகளின் எண்ணிக்கை எனக்கே மறந்துவிட்டது. அவற்றில் பலவற்றுக்கு இன்னும் பதில் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். அவளுடைய கடிதத்துக்கு ஒன்பதாம் நாள் பதில் வந்தது. அந்தப் பையனுக்கு இரண்டு பந்தயத் தடை. அந்தப் பதிலை அவள் வாசித்துக் காட்டியபோது நான் குசினிக்குள் போய்விட்டேன்.

ஜனவரியில் மாதிரிப் பரீட்சை முடிந்த சனி, ஞாயிறில், லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தின் கணினி வடிவம் நடந்தது. நால்வரும் எங்கள் வீட்டில் போர்வையும் சிப்ஸும் கொண்டு வந்து கூடிவிட்டார்கள். இது 2020 இல் முதற் தடவை நடந்தபோது 50 கார், 200 பேர். அவற்றில் ஒரு காரில் நால்வருமே பெண்கள்: தத்தியானா கல்டெரோன், சோபியா புளோர்ஸ், கதரின் லெக், அவர்களோடு கணினிப் பந்தய வீராங்கனை எமிலி ஜோன்ஸ். அதைச் சொல்லும்போது பேத்தியின் குரலில் பழைய உற்சாகம் கொஞ்சம் தெரிந்தது.

2023 இன் அந்தப் பந்தயம் இணையக் கோளாறுகளால் இடையில் நிறுத்தி நிறுத்தித்தான் நடந்தது. உண்மைக் காரில் உலகச் சம்பியனான மக்ஸ் வெர்ஸ்ரப்பன் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். அவருடைய இணைப்பும் அறுந்தது! திரும்பி வந்தபோது மிகவும் பின்னால். கோபித்துக்கொண்டு விலகிவிட்டார். பிள்ளைகள் வாயைப் பிளந்தபடி பார்த்தார்கள். சோமாலியப் பையன் மெல்லச் சொன்னான்: "அப்ப எங்கடை வீட்டு இணையம் மட்டும் இல்லை."

அன்றுதான் நான் என் கொப்பியை எடுத்தேன். எங்கள் ஊரின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஏழு வருடம் பொருளாளராக இருந்தவள் நான். வரவும் செலவும் இரண்டு பக்கமாக எழுதாமல் எனக்கு எதுவும் விளங்காது. பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். இடது பக்கம்: பயிற்சியில் அவர்களுடைய வேகம். நான்கு பாதையிலும் பன்னிரண்டாம் பதின்மூன்றாம் இடத்துக்குப் போதிய வேகம் இருந்தது. வலது பக்கம்: புள்ளி எங்கே போனது. முதல் வளைவு. வெளியே போன தரங்கள். ஒரு சுற்றுப் பெற்றோல். இணைய வயர்.

வலது பக்கத்தில் "வேகம் போதாது" என்று ஒரு வரிகூட இல்லை. அதுவரை அவர்கள் ஒவ்வொரு நாளும் வேகத்தைக் கூட்டத்தான் பழகிக்கொண்டிருந்தார்கள்.

மருமகன் அடுத்த நாளே முப்பது மீற்றர் வயர் வாங்கி, கீழேயுள்ள இணையப் பெட்டியிலிருந்து படியோரமாக மேலே இழுத்துவிட்டார். கணக்குப் பார்க்கும் பிள்ளை ஒரு சுற்றுப் பெற்றோலைக் கூடப் போடுவது என்று எழுதி ஒட்டினாள். முதல் சுற்றில் யாரையும் முந்துவதில்லை என்று பேத்தி முடிவெடுத்தாள்.

போலந்துப் பையனுக்கு அது பிடிக்கவில்லை. அவன்தான் நால்வரிலும் வேகமானவன். "மெதுவாப் போறதெண்டால் ஏன் பந்தயம்?" என்று கேட்டான். ஒரு கிழமை வாதம். பிறகு வேறொரு குழுவுக்குப் போய்விட்டான். அன்றிரவு பேத்தி சாப்பிடவில்லை. நான் சொன்ன கணக்கால்தான் ஒரு நல்ல பிள்ளையை இழந்தார்களோ என்று எனக்கும் நித்திரை வரவில்லை.

மிச்சமிருந்த நான்கு

மூன்று பேராக சில்வர்ஸ்ரனுக்குப் போனார்கள். முதல் வளைவில் எல்லோரையும் விட்டுப் பின்னால் வந்தார்கள். ஒரு மணித்தியாலம் முழுக்க ஓடி, பதினெட்டாவதாகக் கோட்டைத் தாண்டினார்கள். புள்ளி இல்லை. ஆனால் பெயருக்கு எதிரே முதற் தடவையாக ஓர் இலக்கம் விழுந்தது. சோமாலியப் பையன் அவனுடைய வீட்டிலிருந்து போட்ட சத்தம் ஹெட்போனுக்கு வெளியே எனக்குக் கேட்டது.

அடுத்ததில் பதினான்காவது. இரண்டு புள்ளி. குற்றப் புள்ளி ஆறுதான். என் மகள் அன்று முதற் தடவையாகப் படியேறி வந்து கதவடியில் நின்று பார்த்தாள். மாதிரிப் பரீட்சையில் புள்ளி குறையவில்லை, கணிதத்தில் கூடியிருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஏழாவதில் எல்லாம் ஒழுங்காகச் செய்தும், வேறொருவன் பின்னால் வந்து இடித்ததில் சுவரில் மோதிப் பூச்சியம். பேத்தியின் மேல் ஒரு பிழையும் இல்லை; கணக்கில் மட்டும் நான்கு குற்றப் புள்ளி. அதே பந்தயத்தில் போலந்துப் பையனின் புதிய குழு ஐந்தாவதாக வந்தது. "அவன் உண்மையிலேயே கெட்டிக்காரன் அம்மம்மா" என்று சொல்லி, வாழ்த்து எழுதி அனுப்பினாள்.

கடைசிப் பந்தயம் யப்பானின் சுசூகா. எட்டு என்ற இலக்கத்தைப் போல, பாதை தன்னைத்தானே மேம்பாலமாகக் கடக்கும். நான் விமானம் ஏற ஐந்து நாள் இருந்தது. பேத்தி முதற் பாதி ஓடினாள். பன்னிரண்டாவதாக முடித்தார்கள், நான்கு புள்ளி. மொத்தம் ஆறு. 24 குழுக்களில் இருபத்தொராவது இடம். கிண்ணம், பதக்கம் ஒன்றும் கிடையாது. மூவரும் என்னுடைய கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தங்கள் பெயரை எழுதி ஒப்பமிட்டுத் தந்தார்கள்.

ஊருக்கு வந்த பிறகு பரீட்சை முடியும் வரை சுக்கான் மறுபடி பெட்சீற்றுக்குள் இருந்தது என்று மகள் சொன்னாள். இம்முறை மூடி வைத்தது பிள்ளைதான். ஓகஸ்ற் மாதம் ஒரு நாள் பேத்தி தொலைபேசியில் வந்தாள். குஜராத்திப் பிள்ளையும் ஓடப் பழகுகிறாளாம். அடுத்த தொடருக்குப் பெயர் கொடுத்துவிட்டார்களாம்.

"அம்மம்மா, கொப்பி இருக்கோ?"

"இருக்கு."

"எழுதுங்கோ. பயிற்சி, மொன்சா. குற்றப் புள்ளி மூண்டு."

கண்ணாடியைத் தேடி எடுத்துப் புதிய பக்கத்தில் எழுதினேன்.